எவர் வாரத்திலும் தேயாத பெல்ட்

டைமிங் பெல்ட் அறுந்தால் கார் நின்றுவிடும் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் ஒரே அளவில் பரவியிருக்கிறது. அது பிழையானது என்பதை, வேறு யாரும் சொல்ல முன்வராத காரணத்தால், நானே இங்கே சொல்லிவிடுகிறேன். கார் நிற்பது உண்மைதான். ஆனால் மழை பெய்தால் குடை நனையும் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவரை நாம் வானிலை அறிஞர் என்று அழைப்பதில்லை. எஞ்சினுக்குள் மேலிருந்து வால்வுகள் இறங்குகின்றன, கீழிருந்து பிஸ்டன்கள் ஏறுகின்றன, இரண்டுக்கும் உள்ள இடமோ ஒன்றுதான். ஆகவே இது வரும்போது அது விலகியும், அது வரும்போது இது விலகியும், நிமிடத்துக்குப் பல நூறு தடவை ஒன்றுக்கொன்று வழிவிட்டபடி இருக்கின்றன, இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தால் போவது முறை. முறை என்பது ஒரு காருக்குள் மட்டும் இருக்கிற சங்கதி அல்ல என்பதைச் செவல்குடிக்காரர்கள் நான்கு நாள் அனுபவத்தில் அறிவார்கள்.

அந்தக் காரை வாங்கியவர் செவல்குடி பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்த ஆறுமுகநயினார். விசில் அடித்து பஸ்களை வெளியே அனுப்புவது அவர் வேலை. கடையநல்லூர் வண்டி கிளம்பி நான்கு நிமிடம் ஆகாமல் சங்கரன்கோவில் வண்டியின் சக்கரம் உருண்டதில்லை. அப்படிப்பட்டவர் இரண்டு மகன்களுக்கும் சொத்தைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். வீட்டுக்கு வாசல் ஒன்று, குளியலறை ஒன்று, கார் ஒன்று. மூத்தவர் ஆவுடையப்பனுக்கு இத்தனை மணி, இளையவர் செண்பகராமனுக்கு இத்தனை மணி என்று அவரே எழுதிய அட்டவணை இன்றைக்கும் நடைச் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. கார் வாரத்துக்கு ஒருவர் கையில். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வாரம் மாறும்.

அண்ணனும் தம்பியும் பேசாமலானது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அதற்கான காரணம் பற்றி ஊரில் மூன்று கருத்துகள் உண்டு. மூன்றையும் ஆராய்ந்து பார்த்ததில் மூன்றும் தவறு. பேச்சு நின்றதற்குக் காரணம் யாருக்கும் நினைவில்லை, தொடராததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும்: யார் முதலில் பேசுவது என்பது தீர்மானமாகவில்லை. தகப்பனாரின் அட்டவணை அவ்வளவு கச்சிதமாக இருந்ததால், ஒரே கூரையின் கீழ் ஒன்பது வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருவராலும் வாழ முடிந்தது. இரண்டு அடுக்களைக்கும் நடுவே இருந்த சுவரில் ஒரு செங்கல்லை உருவிவிட்டு, மனைவிமார் இருவரும் அதன் வழியாகக் குழம்பு மாற்றிக்கொண்டார்கள் என்பது தனி விஷயம்.

காரைப் பொறுத்தவரை சட்டம் எளிமையானது. எவர் வாரத்தில் எது தேய்கிறதோ, எது உடைகிறதோ, அதை அவர் மாற்ற வேண்டும். அண்ணன் வாரத்தில் டயர் வெடித்தது, அண்ணன் மாற்றினார். தம்பி வாரத்தில் வைப்பர் ஒடிந்தது, தம்பி மாற்றினார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றை அவரவர் தனித்தனியே கட்டியதால் முன்பக்கத்தில் எப்போதும் இரண்டு பழம் தொங்கியது, இரண்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் மாற்றப்பட்டன. ஆனால் டைமிங் பெல்ட் ஒரு மூடிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, அண்ணன் வாரத்தில் இம்மியும் தம்பி வாரத்தில் இம்மியுமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. எவர் வாரத்தில் தேய்ந்தது என்று சொல்ல முடியாத பொருளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

மெக்கானிக் பீர்முகம்மது மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாண்டிட்டு அண்ணாச்சி. இந்த வண்டிக்கு அறுவதுலயே பெல்ட்ட மாத்தியிருக்கணும்."

"சரிதான் பாய்," என்பார் ஆவுடையப்பன். உரக்கடை வைத்திருந்ததால் அவருக்கு எல்லாவற்றையும் நிறுத்துப் பேசும் பழக்கம். "ஆனா ஊர் ஊராச் சுத்துதது யாரு? நானா? வீட்டுக்கும் கடைக்கும் தவிர எனக்குப் போக்கிடம் உண்டா? அது அவன் வாரத்துலதான் தேஞ்சிருக்கும். அவன்கிட்டச் சொல்லும்."

அடுத்த வாரம் பீர்முகம்மது செண்பகராமனிடம் சொல்வார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த செண்பகராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

"முப்பது அடி தூரத்துக்கு ரெண்டாங் கியர்லயே உருட்டுதது அவுக. எஞ்சின் முனகுத முனகல்ல பெல்ட்டு தேயாம என்ன செய்யும்? அவுக வாரத்துல அவுககிட்டச் சொல்லுங்க பாய்."

"பெல்ட்டுக்கு வாரம் தெரியாது அண்ணாச்சி."

"அப்ப அதுக்குச் சொல்லிக் குடுங்க."

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரயில்வே கேட் போட்டிருந்ததால் ஆவுடையப்பன் ஐந்து நிமிடம் தாமதமானார். பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் பஸ் ஸ்டாண்ட் வேப்பமரத்தடியில் காரை விட்டுச் சாவியை டயர்மேல் வைத்துவிட்டுப் போகவேண்டியவர், சரியாகப் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்துசேர்ந்தார். அண்ணனின் வாரம் முடிந்தும் தம்பியின் வாரம் தொடங்காமலும் இருந்த அந்தக் கணத்தில், அதாவது எவர் வாரத்திலும் சேராத ஒரே கணத்தில், பானட்டுக்குள் ஈரத்துணியை உதறியதுபோல ஒரு சத்தம் கேட்டது. கார் நின்றது.

அதே கணத்தில் சங்கரன்கோவில் வண்டியும் கடையநல்லூர் வண்டியும் ஒரே வாசலில் கிளம்பி ஒன்றோடொன்று தோள் உரசி நின்றன. எதிரே இருந்த சலூனில் அடுத்தது யார் என்று கேட்டதும் ஐந்து பேர் எழுந்து ஐந்து பேரும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற முப்பத்திரண்டு பேரும் முதல் ஆளானார்கள், ஆகவே வரிசை நீளமாக இருப்பதை விட்டு அகலமாகி, கடையைச் சுற்றி ஒரு வட்டமாக மூடிக்கொண்டது. பேரூராட்சிப் பூங்காவில் ஒருபக்கம் இறங்க மறுபக்கம் ஏறவேண்டிய சீசா பலகையில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மேலே போனார்கள். அங்கிருந்து தெரிந்த தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு, ஒரே நேரத்தில் கீழே வந்தார்கள்.

செவல்குடி இதற்காகப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஊரில் மின்சாரம் போகும்போது செய்வதைத்தான் செய்தது: அடுத்த வீட்டிலும் போயிற்றா என்று எட்டிப்பார்த்தது, போயிற்று என்று தெரிந்ததும் சமாதானமடைந்தது. ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டால் இருபக்கமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதால் இரண்டுமே பிஸி என்று வந்தது. ஆகவே நேரில் போனார்கள். நேரில் போனவர்களும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் பாதி வழியில் சந்தித்துக்கொண்டார்கள். எல்லார் வீட்டுக்கும் ஏறக்குறையப் பாதிவழியாக அமைந்த ஓடைப்பாலத்தில் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு சுண்டல் வண்டி வந்து நின்றுவிட்டது. தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை முறைவைத்து வரும் குழாய்த் தண்ணீர் எல்லாத் தெருவிலும் ஒன்றாக வந்தது, தொட்டியில் எப்படிப் போதுமான தண்ணீர் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் நின்றுவிடும் என்று பயந்தார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் பேசியதால் ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழாமல் பல வீடுகளில் நிம்மதி நிலவியது. திங்கள் மாலை கோவில் மைதானத்தில் நடந்த பட்டிமன்றத்தில் ஆறு பேச்சாளர்களும் நடுவரும் ஒரே நேரத்தில் பேசி, தீர்ப்பும் அதனுடனேயே வந்துவிட, பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்து, இதுவரை நடந்தவற்றில் இதுவே சிறந்தது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் கருதுகிறேன்.

கஷ்டம் வாசல்களில்தான். உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் நிலைப்படியில் தவறாமல் மோதிக்கொண்டார்கள். ஆறுமுகநயினார் வீட்டு வாசலில் அது ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு நடந்தது. காரை விட்டுவிட்டு நடந்து வந்த அண்ணனும், காரை எடுக்க வேப்பமரத்தடிக்குப் புறப்பட்ட தம்பியும் தோளோடு தோள் நிலையில் செருகி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு சாண் தூரத்தில் பார்த்தார்கள்.

"என்ன இப்பிடி நரைச்சிட்டு?" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

பிறகு இருவரும், யார் முதலில் பேசியது என்று யோசித்துப் பார்த்தார்கள். யாரும் முதலில் பேசியிருக்கவில்லை.

திங்கட்கிழமை தென்காசியிலிருந்து அவர்களுடைய தங்கை காந்திமதி வந்து இறங்கினாள், கூடவே ஏழு வயது மகள் தாரிகா. இறங்கும்போதே காந்திமதி பேசத் தயாராகத்தான் வந்திருந்தாள், ஏனென்றால் அவளுக்கு நாள் இல்லை. தாரிகாவுக்கு இன்னும் காது குத்தவில்லை. காது குத்துவது ஒற்றைப்படை வயதில்; ஒன்று, மூன்று, ஐந்து மூன்றும் போய்விட்டன, வியாழக்கிழமை வந்தால் எட்டு பிறக்கிறது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மடி எவருடையது என்பதில்தான் எல்லாம் நின்றது. மூத்தவன் இருக்க இளையவன் மடியா என்றார் ஆவுடையப்பன். தாரிகாவின் அண்ணனுக்குக் காது குத்தியபோது அவர் மடிதானே, இது என் முறை என்றார் செண்பகராமன். மடி என்ன காரா, வாரத்துக்கு ஒருவர் வைத்துக்கொள்ள என்று அண்ணன் சொன்னதாகவும், சொன்னது தன் காதில் விழவில்லை என்று தம்பி சொன்னதாகவும் அடுக்களைச் சுவரின் ஓட்டை வழியாகத் தகவல் போய் வந்தது. ஆளுக்கு ஒரு காது என்று ஒரு வருஷம் காந்திமதி சமரசம் பேசிப் பார்த்தாள். எந்தக் காது முதலில் என்ற கேள்வியில் அதுவும் முறிந்தது.

"இந்தத் தடவ கேட்டுக்கோங்க," என்று அவள் நடையில் நின்று இரண்டு அறைகளுக்கும் பொதுவாகச் சொன்னாள். "எங்க அத்தை தென்காசியில ஒரு கடை பாத்து வச்சிருக்காக. துப்பாக்கி மாதிரி ஒண்ண வச்சு டிக்குன்னு குத்தி அனுப்பிருவாகளாம். மாமன் வேண்டாம், மடி வேண்டாம், சீர் வேண்டாம். புதன்கிழமைக்குள்ள இங்க நடக்கலன்னா வியாழக்கிழமை காலம்பற அங்க நடக்கும். அதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குன்னு நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு ரெண்டு காது இருக்கு, ரெண்டு மாமன் இருக்கு. எனக்குப் பொறுமை ஒண்ணுதான் இருந்துச்சு."

இரண்டு அறைகளிலும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்தார்கள்.

"நான் அழமாட்டேன்," என்றாள் தாரிகா. அதை யாரும் கேட்டிருக்கவில்லை, ஆனால் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவள் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டில் இருந்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால், காந்திமதி மகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தாரிகா சீசாவில் ஒருபக்கமும் அறிமுகமில்லாத ஒரு குண்டுப் பையன் மறுபக்கமும் உட்கார, இருவரும் சேர்ந்து மேலே போனார்கள். காந்திமதி அந்தப் பலகையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளை இறக்கக்கூடப் பொறுமையில்லாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வீட்டிலிருந்து அவளைத் தேடி அண்ணன்மார் இருவரும் அதே நேரத்தில் புறப்பட்டிருந்ததால், மூவரும் ஓடைப்பாலத்தில் சுண்டல் வண்டி அருகே சந்தித்துக்கொண்டார்கள்.

"எந்தக் காது மொதல்ல?" என்று கேட்டாள் காந்திமதி.

"பொம்பளப் பிள்ளைக்கு இடதுதான் மொதல்ல, அது என்னுது," என்றார்கள் இருவரும்.

"மொதல்லங்கிற ஒண்ணே இப்ப இந்த ஊர்ல கிடையாது. ரேஷன் கடையில பாத்தீகளா? எல்லாரும் மொத ஆளு. நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் உக்காருங்க. ஒரு காது முந்தி, ஒரு காது பிந்தி நடக்கணும்னாலும் நடக்காது. வேற என்ன சாக்கு இருக்கு?"

ஆவுடையப்பனும் செண்பகராமனும் யோசித்தார்கள். வேறு சாக்கு இல்லாததால் இருவரும் சுண்டல் வாங்கினார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது, அதன் பெயர் பீர்முகம்மது. அவர் அந்தத் தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் சொன்ன நாளில் ஒரு வண்டியையும் கொடுத்ததில்லை என்பது ஊரறிந்தது. ஆனால் இப்போது கழற்றுவதும் மாட்டுவதும் ஒன்றாக நடந்ததால், பஸ் ஸ்டாண்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த காரின் எஞ்சின் தலையை இறக்கி, வளைந்துபோன எட்டு வால்வையும் எடுத்துப் புதியது வைத்து, திருநெல்வேலியிலிருந்து வந்த புதுப் பெல்ட்டையும் மாட்டி, புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வேலையை முடித்து நின்றார். சாவியைத் திருகவேண்டியது மட்டும் பாக்கி. இரண்டு பஸ் டிரைவர்களும் மூன்று நாளாக ஒரே வாசலில் சிக்கியிருந்த கோபத்தில் அவர் பட்டறை முன்னால் வந்து நின்று, திருகும் பாய், திருகும் பாய் என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார் ஓடினால் ஊர் ஓடும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், வேறு என்ன ஓடவேண்டும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருப்பார்கள், அதுவும் ஒரே நேரத்தில்.

காந்திமதி பட்டுப்புடவையோடு பட்டறைக்கு ஓடி வந்தாள்.

"பாய் அண்ணே, சாவியத் திருகிராதீங்க. பத்து மணிக்குக் காது குத்து. அது முடியட்டும்."

"என் வாழ்க்கையில மொதத் தடவையா சொன்ன நேரத்துக்கு முன்னாடி வேல முடிச்சிருக்கேன் தங்கச்சி," என்றார் பீர்முகம்மது வருத்தத்தோடு. "அதையும் ஆறப்போடச் சொல்லுதியே."

"அரை மணி நேரம்."

அவர் டிரைவர்களைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "உங்க வீடு மூணாவது வீடு. அழுகச் சத்தம் இங்கன கேக்கும். கேட்டதும் திருகிருவேன். அதுக்கு மேல என்னால இவங்கள அணைபோட முடியாது."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போன காந்திமதிக்கு, பாதி வழியில்தான் மகளின் சபதம் நினைவுக்கு வந்தது.

நடையில் பலகை போட்டிருந்தது. ஆவுடையப்பனும் செண்பகராமனும் அதில் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அகலம் போதாமல் அண்ணனின் இடது தொடைமேல் தம்பியின் வலது தொடை ஏறி நின்றது. அந்த மேட்டில் தாரிகா உட்கார்ந்தாள். காது குத்த வந்திருந்த நாறும்பூ ஆசாரி கம்பியைச் சந்தனத்தில் தொட்டார். இடது கையால் இதுவரை ஒரு கடுகைக்கூட நேராக எடுத்திராத மனிதர் அவர், ஆனால் இப்போது வலது கை போகும்போது இடது கையும் கூடவே போயிற்று, இரண்டிலும் கம்பி இருந்தது. கூடியிருந்த பெண்கள் குலவையிட வாயைக் குவித்தார்கள். பட்டறையில் பீர்முகம்மது சாவியைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு கம்பிகளும் இறங்கின.

தாரிகா அழவில்லை. உதட்டை உள்ளே மடித்து, எதிர்ச் சுவரில் தொங்கிய தாத்தாவின் அட்டவணையை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தாள். பெண்கள் குலவையை மறந்துவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். ஆசாரி கம்பியை வளைத்து முடிச்சுப் போட்டார். காந்திமதி மகளை ஒரு கிள்ளு கிள்ளலாமா என்று யோசித்தாள்.

"ஒரு தடவ அழுதுரு கண்ணு," என்றாள் மெதுவாக.

"மாட்டேன்," என்ற தாரிகா, தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். "ரெண்டு மாமாவும் எதுக்கு இப்பிடி நடுங்குதீக? எனக்கு வலிக்கலையே."

அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது. ஐம்பத்தெட்டு வயது உரக்கடைக்காரரும் ஐம்பத்து நான்கு வயது எழுத்தரும், ஒன்பது வருஷமாக எவர் முதலில் என்று காத்திருந்ததை, முதலும் இல்லாமல் முடிவும் இல்லாமல் ஒரே மூச்சில் அழுதார்கள். பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டது. இது பிள்ளை அழுகிற சத்தம்தானா என்று பீர்முகம்மதுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அவர் கேட்டிருந்தது அழுகை, எவருடையது என்று பேச்சில் வரவில்லை. சாவியைத் திருகினார்.

எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. கடையநல்லூர் வண்டி வாசலைவிட்டு வெளியே போனது. நான்கு நிமிடம் கழித்துச் சங்கரன்கோவில் வண்டி போனது. ரேஷன் கடையில் முப்பத்தோரு பேர் பின்னால் நகர்ந்தார்கள். பூங்காவில் குண்டுப் பையன் கீழே இருந்தான், மேலே போன பிள்ளை அவனை இறக்கிவிடச் சொல்லிக் கத்தியது. நடையில் ஆவுடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்துத் துண்டைத் தம்பியிடம் கொடுத்தார். செண்பகராமன் வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பெல்ட்ட அப்பவே மாத்தியிருக்கணும்," என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே," என்றார் தம்பி. "நான்தான் மாத்தியிருக்கணும்."

"இல்லடா. நான்தான்."

இப்போது இருவரும் சேர்ந்தே காரில் போகிறார்கள், அண்ணன் ஓட்ட, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாங் கியர், மூன்றாங் கியர் என்று சொல்லிக்கொண்டே வர. ஆனாலும் வாரக் கணக்கு போகவில்லை; தகப்பனார் எழுதியதை அடிக்க இருவருக்கும் மனசில்லை. போன ஐப்பசியில் ஆவுடையப்பன் தன் வாரத்தில் எவரிடமும் சொல்லாமல் காரைப் பட்டறைக்கு ஓட்டிப்போய், முன்யோசனையாக, டைமிங் பெல்ட்டை மாற்றச் சொன்னார். அடுத்த வாரம் செண்பகராமன் எவரிடமும் சொல்லாமல் அதே பட்டறைக்குப் போய் அதையே சொன்னார். கழற்றிய பெல்ட் ஏழு நாள் ஓடியிருந்தது. பட்டறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, பீர்முகம்மது அதைக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறார்.